அத்தைக்குத் துணையாகப் போன கோடை

போன திங்கட்கிழமை காலை எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஓரம் முழுக்க ரோஜாப்பூ. மேலே, 'பெண்கள் பாதுகாப்பாக இருக்கப் பத்து வழிகள்' என்று மலையாளத்தில் கொட்டை எழுத்து. முதல் வழி: தனியாக வெளியே போகாதீர்கள், நம்பிக்கையான துணையோடு போங்கள். மதியத்துக்குள் நாற்பத்தொரு பேர் அதற்குக் கைகூப்பியிருந்தார்கள். அவர்களில் முப்பத்திரண்டு பேர் ஆண்கள். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். எண்ணுவதும் குறித்து வைப்பதும் எனக்குச் சிறுவயதிலேயே பிடித்துக்கொண்ட வழக்கம்.

ஆண்களுக்கு இதில் ஒரு வழிகூட இல்லையே என்று கேட்டு ஒரு வரி போட்டேன். சங்கத்தின் பழைய செயலாளர் பதில் போட்டார்: நல்ல காரியத்தில் குறை காணாதே மோளே. அதற்கும் கைகூப்பினார்கள்.

அந்தப் பத்து வழிகளும் எனக்குப் புதியவை அல்ல. நான் ஆறாம் வகுப்பு முடித்த ஆண்டில் இதே சங்கம், இதே மட்டாஞ்சேரியில், இதே பத்தையும் மஞ்சள் தாளில் அச்சடித்துக் கொடுத்தது. அந்தத் தாளும் என்னிடம் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதாவதும் பத்தாவதும் இடம் மாறியிருக்கின்றன, ரோஜாப்பூ சேர்ந்திருக்கிறது, வேறு மாற்றமில்லை. அன்று முதல் வழியை எங்கள் வீட்டில் நிறைவேற்றியவள் நான். பதினொரு வயதில், இருபத்தேழு வயதான என் அத்தைக்கு நான் துணையாக இருந்தேன்.

என் ஞாபகத்தை மட்டும் நம்பி இதை எழுதவில்லை. அப்பாவுக்கு கார்ப்பரேஷன் சுகாதாரப் பிரிவில் வேலை. அங்கே யாரும் தொடாமல் கிடந்த முந்தைய ஆண்டு டைரி ஒன்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். அதில் தேதிகள் சரியாக இருக்கும், கிழமைகள் ஒன்று பிந்தியிருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்ட கிழமையை அடித்துவிட்டு அடுத்த கிழமையை எழுதிய பிறகுதான் மற்றதை எழுதுவேன். அப்போது எனக்குத் தமிழ் எழுதத் தெரியாது. எங்களைப் போன்ற தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள் எல்லாம் மலையாளப் பள்ளியில்தான் படித்தோம். ஆகவே டைரியில் இருப்பது மலையாள எழுத்தில் எழுதிய எங்கள் வீட்டுத் தமிழ்.

அந்த ஆண்டு பிப்ரவரியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தியை பஸ் நிறுத்தத்திலிருந்து வீடு வரைக்கும் ஒருவன் பைக்கில் பின்தொடர்ந்தான். அவள் ஓடி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டாள். அவன் யார் என்று கண்டுபிடிக்க சங்கம் என்ன செய்தது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் இல்லை. ஆனால் மார்ச் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, சங்கத்து ஹாலில் பெண்களுக்கு ஒரு பாதுகாப்பு வகுப்பு நடத்தினார்கள். அப்பா நாற்காலி போடப் போனார். நானும் அத்தையும் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தோம்.

வகுப்பு எடுத்தவர் அதே செயலாளர்தான். ஓய்வுபெற்ற குமாஸ்தா. எங்களைப் போலவே அவருடைய தாத்தா காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம்தான், ஆனால் மேடையில் மலையாளம், எங்கள் வீட்டு வாசலில் தமிழ். பத்து வழிகளையும் ஒவ்வொன்றாக வாசித்து விளக்கினார். இருட்டுவதற்கு முன் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். பஸ்ஸில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. உடுப்பில் கவனம் வேண்டும். யாராவது உரசினால் இடம் மாறி நிற்க வேண்டும். கைப்பையில் பெரிய ஊக்கோ மிளகாய்ப்பொடியோ வைத்திருக்க வேண்டும். கடைசியாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கையைப் பிடித்து இழுப்பவனிடமிருந்து தப்புவது எப்படி என்று செய்து காட்டினார்.

"கட்டை விரலைப் பிடிச்சு இப்படி ஒரு திருப்பு. ஆனையா இருந்தாலும் விட்டுரும்."

"ஆனைக்கு ஏது சாரே கட்டை விரல்?" என்றாள் அத்தை.

ஹால் சிரித்தது. செயலாளரும் சிரித்தார், ஆனால் கடிகாரத்தைக் கட்டிக்கொள்ள அவருக்கு வெகுநேரம் ஆனது. பஸ்ஸில்தான் சிரிக்கக் கூடாது, ஹாலில் சிரிக்கலாமா என்று தாளைப் பார்த்தேன். அதைப் பற்றி ஒன்றும் போடவில்லை.

சாயங்காலம் சாயா குடித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அத்தை அந்தப் பாடத்தை ஒத்திகை பார்த்தாள். "ஏய், விடு! சாயா, சாயா!" என்று அப்பா கத்தினார். அம்மா துடைப்பதற்குத் துணி எடுத்து வந்தாள். வீட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அந்தக் கோடையில் அன்றுதான் கடைசி. இது டைரியில் இல்லை, இப்போது சொல்கிறேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா மஞ்சள் தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

அத்தை இடப்பள்ளியில் ஒரு பெரிய மாலில், துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. மே மாதம் முடிந்ததும் அவளை நிரந்தரமாக்குவதாகக் கடையில் சொல்லியிருந்தார்கள். மட்டாஞ்சேரியிலிருந்து அங்கே பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். அதுவரை தனியாகத்தான் போய் வந்தாள். இனிமேல் தனியாகப் போகக் கூடாது என்று அப்பா சொன்னார். வேலையை விடச் சொல்கிறாரோ என்று அத்தையின் கை சோற்றில் நின்றது.

"விட வேண்டாம். துணைக்கு ஒரு ஆள் வேணும்."

"ஆளுக்கு எங்கே போக? நீ ஆறு மணிக்கு டியூட்டிக்குப் போற. மதினி செம்மீன் உரிக்கிற ஷெட்டுக்குப் போறாங்க."

"பாப்பாவுக்கு லீவுதானே?"

பாப்பா என்பது நான்.

ஒரு பெண் தனியாகப் போனால் ஆபத்து என்றால், அவளோடு ஒரு சிறுமியையும் சேர்த்து அனுப்பினால் ஆபத்து எந்தக் கணக்கில் குறைகிறது? மஞ்சள் தாள் அதைச் சொல்லவில்லை. எனக்கு யார் துணை என்ற கேள்வி அன்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஒரு பெரிய பதவி கிடைத்ததாக நான் பூரித்துப் போயிருந்தேன். அப்பா இன்னொன்றும் சொன்னார்: "எத்தனை மணிக்கு ஏறுனீங்க, எத்தனை மணிக்கு எறங்குனீங்க, அத்தை யார்கிட்ட பேசினா, எல்லாம் டைரியில எழுதி வை. உள்ளதை உள்ளபடி எழுதணும்." அத்தை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று எழுத அன்று எனக்கு வார்த்தை இல்லை, இன்று இருக்கிறது: வேவு பார்க்க ஒரு குழந்தையை வைக்கிறார்கள் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஏப்ரல் முதல் திங்கட்கிழமை தொடங்கினோம். காலை எட்டு இருபது பஸ். பெண்கள் ஏறுவது முன்வாசல், ஆண்களுக்குப் பின்வாசல். முன்பாதி பெண்களுக்கு, அது முடிகிற வரிசைக்கு அடுத்து ஆண்கள். கிளம்பும்போதே அத்தை துப்பட்டாவில் தோள்பக்கம் ஒரு பெரிய ஊக்கைக் குத்திக்கொள்வாள். மிளகாய்ப்பொடி எடுத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். "காத்தடிச்சா நம்ம கண்ணுலதான் விழும். ஊக்கு மதி" என்றாள். மதி என்றால் போதும். என்னை எப்போதும் ஜன்னல் பக்கம் உட்கார வைப்பாள். அது எனக்குக் காட்டும் சலுகை என்று நினைத்தேன். நிற்கிற ஆண்களுக்கும் எனக்கும் நடுவில் அவள் தன்னை வைத்துக்கொண்டாள் என்பது தெரியாது.

கடையில் நாள் முழுக்க நான் ஸ்டோர் அறையில் அட்டைப்பெட்டிகளின் மேல் இருந்தேன். கையில் கிடைத்ததை எல்லாம் படித்தேன். துணி சுற்றி வந்த பழைய செய்தித்தாள்கள், சலவைக் குறிப்புகள், பெட்டிகளில் அச்சிட்ட ஊர்ப் பெயர்கள். அத்தை ஒரு மணிக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பாள். துணை யாருக்கு யார் என்று அந்தக் கடையில் வேலை செய்த பெண்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "உன் செக்யூரிட்டி உறங்குது பாரு" என்று அத்தையைக் கேலி செய்வார்கள். டைரியில் நான் பொறுப்பாக எழுதினேன்: அத்தை இன்று கடையில் சூப்பர்வைசரோடு பேசினாள், சாயாக்கடைச் சேட்டனோடு பேசினாள், என்னோடு பேசினாள். அப்பா ஞாயிறுதோறும் வாங்கிப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டுத் திருப்பித் தருவார்.

இப்படி ஐந்து வாரம் ஓடியது. மே மாதம் இரண்டாவது புதன்கிழமை. டைரியில் செவ்வாய் என்று அச்சிட்டதை அடித்திருக்கிறேன்.

அன்று பெண்கள் பகுதியின் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. நான் ஜன்னல் பக்கம், அத்தை வெளிப்பக்கம். எங்களுக்கு அடுத்த வரிசையில் ஆண்கள். அத்தைக்கு நேர் பின்னால் ஒரு பெரியவர், மடியில் முழுப் பலாப்பழம் ஒன்றை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பஸ் முழுக்க அந்த வாசனை. எனக்கு நேர் பின்னால் நீலச் சட்டை போட்ட ஒரு ஆள்.

தோப்பும்படி தாண்டியதும் என் விலாப்பக்கம் ஏதோ இடித்தது. சீட்டின் முதுகுக்கும் ஜன்னல் தகரத்துக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி உண்டு. அதன் வழியாகத்தான். நான் முன்னால் நகர்ந்தேன். அதுவும் நகர்ந்து வந்தது. பின்னால் இருப்பவர் குடையை ஜன்னல் ஓரம் சாய்த்து வைத்திருக்கிறார், பஸ் குலுங்கும்போது அதன் முனை இடிக்கிறது என்று முடிவு செய்தேன். எங்கள் ஊரில் மே மாதம் நடுவில் ஒருவர் குடை கொண்டு வருவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இரண்டு நிறுத்தம் பொறுத்தேன். துணைக்கு வந்தவள் தொந்தரவு கொடுக்கக் கூடாது அல்லவா? பிறகு சொன்னேன்.

"அத்தை, பின்னாடி அங்கிளோட குடை இடிக்குது."

"எங்கே?"

காட்டினேன்.

அத்தை திரும்பி அந்த இடைவெளியைப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தோளிலிருந்து ஊக்கைக் கழற்றினாள். என்னைச் சேர்த்து அணைப்பவளைப் போல என் முதுகுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோனாள். அத்தைக்கு என் மேல் திடீரென்று அன்பு வந்துவிட்டது என்று நினைத்து நானும் சாய்ந்துகொண்டேன்.

பின்னால் "அம்மே!" என்று ஒரு அலறல்.

பஸ் நின்றது. கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். நீலச் சட்டைக்காரர் விரலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "இவளுக்குக் கிறுக்கு! சும்மா இருந்த என்னை ஊசி வச்சு குத்துறா!"

"எந்தா சேச்சி, என்னாச்சு?"

அத்தை எழுந்து நின்றிருந்தாள். என் தலையைத் தன் இடுப்போடு அழுத்திக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "என்னைத் தொட்டான். குத்தினேன்."

முன்வரிசையிலிருந்து ஒரு கிழவி, "ரெண்டு குத்து குத்தியிருக்கணும்" என்றாள். அத்தையின் பக்கம் எழுந்த குரல் அது ஒன்றுதான். பின்னாலிருந்து மற்றவை வந்தன. பஸ் என்றால் உரசத்தான் செய்யும். அவ்வளவு பயமென்றால் ஆட்டோவில் போகட்டும். இப்போதே மணி ஒன்பது, ஆபீஸுக்கு நேரமாகிறது.

கண்டக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். "சேச்சி சொன்னா ஸ்டேஷனுக்கு விடலாம். எல்லாருக்கும் லேட்டாகும், கேட்டோ?"

அத்தை சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். ஸ்டேஷனுக்குப் போனால் யாரிடம் என்ன கேட்பார்கள் என்று அவள் அந்த நேரத்தில் யோசித்திருக்க வேண்டும். "வேண்டாம். இவனை இறக்கி விடுங்க, அது மதி."

அவர் இறங்கினார். விரலைச் சப்பிக்கொண்டே போனார். பலாப்பழப் பெரியவர் மட்டும் பழத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இடப்பள்ளி வரும்வரை அத்தை என் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்று கடையில் இருபது நிமிடம் தாமதம் என்று எழுதினார்கள்.

வீட்டில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் டைரியில் எல்லாவற்றையும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு செயலாளர் வீட்டுக்கு வந்தார். கூடவே சங்கத்து ஆள் ஒருவர். அவர்களுக்குப் பின்னால் நீலச் சட்டைக்காரர். அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். செயலாளரின் மனைவிக்குத் தம்பியாம். வலதுகை ஆள்காட்டி விரலில் ஒரு பெரிய கட்டு. ஒரு ஊக்குக் குத்துக்கு அவ்வளவு துணி எதற்கு என்று நான் யோசித்தேன். டிடி ஊசி போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டையும் சட்டைப்பையில் வைத்திருந்தார்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் இருந்த மூன்று நாற்காலியிலும் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அத்தைதான் சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"உன் தங்கச்சி பஸ்ஸில வச்சு இவனைக் குத்தினது போதாதுன்னு, அத்தனை பேர் முன்னாடி வேண்டாத வார்த்தையும் சொல்லியிருக்கா" என்றார் செயலாளர். "குடும்பஸ்தன். ரெண்டு பிள்ளை இருக்கு. சங்கத்துல வந்து, ஆள் தெரியாம சொல்லிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். முடிஞ்சுது."

"ஊக்கு வச்சுக்கச் சொன்னது நீங்கதானே சாரே?" என்றாள் அத்தை. "ஆறாம் நம்பர்."

"வச்சுக்கச் சொன்னேன். குத்தவா சொன்னேன்? அது ஒரு தைரியத்துக்கு!"

இன்றைக்கும் இந்த வாக்கியத்தை நினைத்தால் என் காதுமடல் சூடாகிறது. பத்து வழிகளுக்கும் அடியில் எழுதாமல் விட்ட வரி அதுதான். தற்காப்பு என்று அவர்கள் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததில், தொட்டவனுக்கு ஒரு துளி வலிப்பதற்குக்கூட இடம் வைக்கவில்லை. பயப்படுவது எங்கள் வேலை. அந்தப் பயத்துக்கு ஒரு கைப்பை, ஒரு ஊக்கு, ஒரு குழந்தை. அவ்வளவுதான்.

அப்பா தங்கையைப் பார்த்தார். "என்ன நடந்தது, சொல்லு."

"என்னைத் தொட்டான். குத்தினேன்."

வெள்ளைச் சட்டையில் வந்திருந்த நீலச் சட்டைக்காரர் முதல் தடவையாகப் பேசினார். "எங்கிருந்து தொட? இவங்க சீட்டுக்குப் பின்னாடி நான் இல்லையே. அங்க ஒரு கிழவர் மடியில சக்கை வச்சுக்கிட்டு இருந்தார். அத்தனை பெரிய சக்கையைத் தாண்டி என் கை போகுமா? நீங்களே சொல்லுங்க."

சக்கை என்றால் எங்கள் ஊரில் பலாப்பழம். அப்பா குழம்பினார். அவர் கெட்டவர் இல்லை. தன் தங்கையை நம்ப வேண்டும் என்று உண்மையிலேயே விரும்பினார், அதற்கு ஒரு ஆதாரம் தேடினார். அப்போது அவருக்கு என் ஞாபகம் வந்தது. அவர் முகம் தெளிந்தது.

"எம் பொண்ணு கூட இருந்தா சாரே. தினமும் எழுதுவா. உள்ளதை உள்ளபடி எழுதுவா. பாப்பா, டைரியை எடுத்துட்டு வா. புதன்கிழமையை வாயிச்சுக் காட்டு."

"சின்னப் பொண்ணை எதுக்கு இதுல இழுக்கிறீங்க?" என்று அம்மா சமையலறை வாசலிலிருந்து சொன்னாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் டைரியோடு அறை நடுவில் நின்றேன். அத்தனை பெரியவர்கள் என் எழுத்துக்காகக் காத்திருந்தது அதுவே முதல் தடவை. பள்ளியில் வாசிப்பதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டேன். நான் வாசிக்கத் தொடங்கியதும் நீலச் சட்டைக்காரர் சாயா கிளாஸைக் கீழே வைத்தார். மற்ற இருவரும் குடித்துக்கொண்டிருந்தார்கள். இதை நான் அன்றே கவனித்தேன், காரணம் தெரியாமல்.

"மே, புதன். எட்டு இருபது பஸ். நான் ஜன்னல் பக்கம். அத்தை வெளிப்பக்கம். அத்தைக்குப் பின்னால் சக்கை வைத்த தாத்தா. எனக்குப் பின்னால் நீலச் சட்டை அங்கிள். தேவரா ஸ்டாப் தாண்டி அத்தை ஊக்கை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு அங்கிளைக் குத்தினாள். அங்கிள் தொட்டான் என்று அத்தை சொன்னாள். ஆனால் அங்கிள் அத்தையைத் தொடவில்லை. நடுவில் தாத்தாவும் சக்கையும் இருந்தது. நான் பார்த்தேன்."

"கேட்டீங்களா?" என்றார் செயலாளர்.

நான் நிறுத்தவில்லை. பக்கத்தில் இன்னும் ஐந்து வரி இருந்தது. அடுத்த வரிக்கு வாயைத் திறந்தேன்.

"மதி!" அத்தை இரண்டு எட்டில் வந்து டைரியை என் கையிலிருந்து பிடுங்கினாள். "வாயிச்சது மதி. நான்தான் பொய் சொன்னேன். ஆளு மாறிப்போச்சு. தப்பா நெனச்சுக் குத்திட்டேன்."

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டார். "ஏன் பொய் சொன்னே?" என்றார். அவள் டைரியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். நீலச் சட்டைக்காரர் கிளாஸை மறுபடி கையில் எடுத்தார்.

அடுத்த ஞாயிறு சங்கத்து ஹாலில், முன்பு ஆனைக்குக் கட்டை விரல் ஏது என்று கேட்ட அதே ஹாலில், அத்தை எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டாள். அப்பா வேலைக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கடையிலிருந்து மூன்று தடவை போன் வந்தது. ஜூன் முதல் வாரம் அந்த இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

என் பதவியும் போனது. உண்மையைச் சொன்னதற்காக அத்தை என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று நான் நினைத்தேன், நியாயம் என் பக்கம் என்றும் நினைத்தேன். இரண்டு நாள் அவளோடு பேசாமல்கூட இருந்தேன். அவள் டைரியை என் தலையணைக்கு அடியில் திருப்பி வைத்திருந்தாள். ஒரு தாளும் கிழிக்கவில்லை. "எழுது. ஆனா எழுதினதையெல்லாம் எல்லாருக்கும் வாயிச்சுக் காட்டாதே" என்று மட்டும் சொன்னாள். அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, பஸ்ஸில் குடை இடித்ததா, எங்கே இடித்தது என்று கேட்டாள். சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே வெகுநேரம் நின்றாள். அன்று சோறு வேகவில்லை. ஏன் என்று அப்பா கேட்டதற்கு, மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்றாள். தீரவில்லை. நான் பார்த்தேன். ஆனால் இந்தத் தடவை சொல்லவில்லை.

பத்தொன்பது வயதில் நானாகவே தமிழ் எழுதக் கற்றுக்கொண்டு, பழகுவதற்காக அந்த டைரியைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து எழுதத் தொடங்கினேன். மே மாதம் அந்தப் புதன்கிழமைக்கு வந்தபோது, அத்தை என்னை வாசிக்க விடாத வரியில் பேனா நின்றது. பள்ளுருத்தியில் கட்டிக்கொடுத்திருந்த அத்தையைப் பார்க்க அன்றே போனேன். நீ ஏன் அன்று சொல்லவில்லை என்று கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"மூணு ஆம்பிளைங்க நாற்காலியில உக்காந்துகிட்டு, எங்கே தொட்டான், எப்படித் தொட்டான்னு உன்னை நிறுத்தி வச்சுக் கேட்டிருப்பாங்க. அப்புறம் உன்னை ஸ்கூலுக்கும் விட்டிருக்க மாட்டாங்க. எனக்கென்ன, வேலை வேற கிடைக்கும்னு நெனச்சேன்."

வேறு வேலை கிடைக்க ஒன்பது ஆண்டு நான்கு மாதம் ஆனது. இப்போது காக்கநாட்டில் ஒரு ஐடி அலுவலகத்தின் கேன்டீனில் இருக்கிறாள். இரண்டு பஸ் மாறி, தனியாகப் போகிறாள். ஊக்கு இன்னும் தோளில் இருக்கிறது. அப்பாவுக்கு இன்று வரை தெரியாது. தன் தங்கை ஒரு தடவை பொய் சொன்னாள், தன் மகள் சொல்லவில்லை என்றுதான் அவர் நம்புகிறார். நீலச் சட்டைக்காரரும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார். திங்கட்கிழமை கைகூப்பிய முப்பத்திரண்டு பேரில் அவர் பதினேழாவது.

என் டைரியில் அன்று வாசிக்காத ஐந்து வரிகளையும் இங்கே எழுதிவைக்கிறேன். பதினொரு வயதில் எழுதியபடியே, ஒரு சொல்லும் மாற்றவில்லை:

"அங்கிளோட குடை என் விலாவில் ரொம்ப நேரம் இடித்தது. நான் அத்தையிடம் சொன்ன பிறகுதான் அத்தை குத்தினாள். அங்கிள் கலூருக்கு முன்னாடியே இறங்கிப் போனார், கையில் குடை இல்லை. மறந்துவிட்டார் என்று சீட்டுக்கு அடியில் குனிந்து தேடினேன், குடை இல்லை. நாளைக்குக் கண்டக்டரிடம் கேட்க வேண்டும், பாவம், மழைக்காலம் வரப்போகுது."